பெறுபேறு வந்த வீடு: வாசகர் கேள்வி பதில்

பரீட்சைக்கு முதல் "எப்படிப் படிப்பது?" என்று எழுதுகிறவர்கள், பெறுபேறு வந்த பிறகு "வீட்டில் எப்படி இருப்பது?" என்று எழுதுகிறார்கள். வன்னியிலிருந்து வந்த அப்படியான கடிதங்களில் ஆறை இம்முறை எடுத்திருக்கிறோம். பெயர்களும் பாடசாலைகளும் நீக்கப்பட்டிருக்கின்றன. பதில் எழுதியவர்கள் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர்களும் உளவளத்துணையாளர்களும்.

கேள்வி: நான் உயர்தர உயிரியல் பிரிவு. முதல் ஷையில் (தடவையில்) மூன்றும் எஸ் (சாதாரண சித்தி). இரண்டாம் ஷையில் ஒரு சி (திறமைச் சித்தி), இரண்டு எஸ். மூன்றாம் ஷையும் எடுத்து டொக்டராக வேண்டும் என்கிறார் அப்பா. வயலை ஈடு வைத்து ரியூசன் காசு கட்டினவர். என்னால் முடியாது என்று சொல்ல வாய் வருகுதில்லை. எப்படிச் சொல்வது?
(மாணவி, ஒட்டுசுட்டான்)

பதில்: தங்கச்சி, "முடியாது" என்ற சொல்லை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். அந்தச் சொல்லோடு போனால் அப்பாவின் காதில் விழுவது "வயல் வீணாய்ப் போச்சு" என்பதுதான். கணக்கோடு போங்கள்.

உங்கள் பெறுபேற்றில் எழுத்துகளை விடப் பெரிய விஷயம் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளியும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கிறது என்ற அளவு) வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்து, கூட்டி, மூன்றால் வகுத்தது உங்கள் இசட். உதாரணத்துக்கு, சராசரி 40, நியம விலகல் 15 என்றால் 55 எடுத்தவருக்கு 1 கிடைக்கும். சராசரியே 55 ஆக இருக்கும் பாடத்தில் அதே 55 எடுத்தவருக்குக் கிடைப்பது 0. அதனால்தான் ஒரே மாதிரி "சி, எஸ், எஸ்" எடுத்த இரண்டு பேருக்கு இசட் வேறு வேறாக வருகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் எழுத்தோடு உங்கள் எழுத்தை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்று நாங்கள் சொல்வது ஆறுதலுக்காக அல்ல, கணக்கே அப்படித்தான்.

அடுத்தது இடங்களின் எண்ணிக்கை. அப்பாவிடம் இதைத்தான் விளங்கப்படுத்த வேண்டும். மாவட்டப் பங்கு உள்ள கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அதில் இருக்கின்றன. "எங்களுக்குக் கோட்டா இருக்குத்தானே, சுகமாய்க் கிடைக்கும்" என்று பல பெற்றோர் நினைப்பது இதை வைத்துத்தான். ஆனால் பங்கு பிரிவது சனத்தொகைப்படி. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92,000, நாட்டினுடையது இரண்டு கோடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு பேச்சுக்கு நாடு முழுக்க 1,000 மருத்துவ இடம் என்று வைத்தால், மாவட்டங்களுக்குப் போவது 550. அதில் முல்லைத்தீவுக்கு விழுவது இரண்டு அல்லது மூன்று. பின்தங்கிய மாவட்டப் பங்கைச் சேர்த்தாலும் மூன்றைச் சுற்றித்தான் நிற்கும். அந்த மூன்றுக்குள் வராத பிள்ளை மொக்குப் பிள்ளை என்றால் மாவட்டமே மொக்கு என்றாகிவிடும்.

இனி ஒரு கொப்பித் தாளை எடுங்கள். மேலே உங்கள் இரண்டு ஷையின் இசட்டையும் மாவட்ட நிலையையும் எழுதுங்கள். கீழே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்டிருக்கும் போன வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலில் (ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தெரிவான ஆகக் குறைந்த இசட்) முல்லைத்தீவு நிரலைப் பார்த்து, உயிரியல் பிரிவுக்குத் திறந்திருக்கும் கற்கைநெறிகளை உங்கள் இசட்டோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சூழலியல் விஞ்ஞானம் இருக்கிறது. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இருக்கிறது. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் உயிரியல் பிள்ளைகளுக்கான பட்டங்கள்தான். மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் சித்தி இருப்பதால் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்கும் அறிவித்தல் வரும்போது போடலாம். எது எட்டும், எது எட்டாது என்பதைத் தாள் சொல்லும். நீங்கள் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் ஷை எடுப்பதா? முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இசட் எவ்வளவு ஏறியது, ஏறியதற்கு நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். மாற்றியது ஒன்றும் இல்லை, அதே வகுப்பு, அதே நோட்ஸ், அதே இரவு முழிப்பு என்றால் மூன்றாம் தடவையும் அதேதான் வரும். ஏறியிருக்கிறது, காரணமும் தெரிகிறது என்றால் உங்களை இழுத்து விழுத்திய பாடத்தில் மட்டும் ஒரு பழைய பல்தேர்வு வினாத்தாளை, 50 வினா, 2 மணித்தியாலம், போனை வெளியே வைத்துவிட்டுச் செய்யுங்கள். படிப்பை விட்டுச் சில கிழமை ஆன நிலையிலும் பாதிக்கு மேல் வந்தால் அடித்தளம் இருக்கிறது என்று எடுக்கலாம். இருபதுக்குக் கீழே என்றால் இன்னொரு வருட மனப்பாடம் அதை நிமிர்த்தாது. அப்போது தாளின் கீழ்ப்பாதியைப் பாருங்கள்.

கதைப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். பெறுபேறு வந்த கிழமை வேண்டாம். மருந்தடிக்கும் நாள், அறுப்பு மெசின் வரும் நாள் வேண்டாம். லண்டன் மாமா வாட்ஸ்அப்பில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். அவருக்கு முன்னால் அப்பாவால் மனம் மாற முடியாது. அம்மாவுக்கு முதல்நாளே தாளைக் காட்டிவிடுங்கள். அப்பாவிடம் இப்படித் தொடங்கலாம்: "அப்பா, மூண்டாந்தரம் எடுத்தா என்ன வரும், எடுக்காட்டி என்ன வரும் எண்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். ஒருக்காப் பாருங்கோ." பிறகு வாயை மூடிக்கொண்டு அவரை வாசிக்க விடுங்கள். பெரும்பாலும் பிழைக்கும் இடம் இதுதான்: அவர் வாசிக்க முதலே பிள்ளை அழத் தொடங்கும், அவர் "எல்லாம் உனக்காகத்தானே செய்தனான்" என்பார், பேச்சு இலக்கத்தை விட்டு நன்றிக்கடனுக்குப் போய்விடும். அங்கே போனால் அன்று நிறுத்திவிடுங்கள். "சரி அப்பா, நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லித் தாளை மட்டும் மேசையில் விட்டுவிட்டு எழும்புங்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. இந்த இசட்டுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மூன்றாம் தடவைக்கும் விண்ணப்பித்து வைக்கலாம். ஒரு கவனம்: ஒரு கற்கைநெறிக்குத் தெரிவாகிப் பதிவு செய்துவிட்டால், பிறகு வரும் பெறுபேற்றைக் காட்டி வேறு கற்கைநெறிக்கு மாற முடியாது. ஆணைக்குழுவின் கையேட்டில் அந்தப் பக்கத்தை அப்பாவும் நீங்களும் சேர்ந்து வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு 6 குறைவு. பாடசாலை மதிலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு பனர் கட்டியிருக்கிறார்கள். அந்த வழியால் போகமாட்டேன் என்கிறாள். கணவர் இரண்டு நாளாக அவளோடு கதைக்கவில்லை. காலையில் வயிறு நோகுது என்கிறாள்.
(தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: கணவரிடமிருந்து தொடங்குவோம். பிள்ளைக்கு இப்போது 6 புள்ளி பெரிய விஷயமில்லை, அப்பாவின் வாய் திறக்காததுதான் பெரிது. பத்து வயதுப் பிள்ளைக்கு "அப்பா கவலையில் இருக்கிறார்" என்பதும் "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்பதும் ஒன்றுதான். அவர் பெரிய பேச்சுப் பேசத் தேவையில்லை. இன்று பின்னேரம் சைக்கிளில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தால் போதும். வழியில் பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், "பரவாயில்லை" என்றுகூட வேண்டாம். "பரவாயில்லை" என்று ஒரு நாளில் ஐந்து தரம் கேட்கும் பிள்ளை, ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்றுதான் விளங்கிக்கொள்ளும்.

வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று பெரியவர்களுக்கே பிழையான விளக்கம் இருக்கிறது. அது சித்திக் கோடு இல்லை. 200 புள்ளிக்கு இரண்டு வினாத்தாள். எல்லோருடைய புள்ளியையும் மேலிருந்து கீழே அடுக்கி, மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஒதுக்கிய உதவிப்பணம் எத்தனை பேருக்கு என்று எண்ணி, எண்ணிக்கை முடிந்த இடத்தில் வெட்டுகிறார்கள். வருடத்துக்கு வருடம் அந்தக் கோடு ஏறும், இறங்கும். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் பெரிய பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு இடமும் கொடுக்கத்தான் இந்தப் பரீட்சை. உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போவதை அது தடுக்கப்போவதில்லை. க.பொ.த. சாதாரண தரத்துக்கு விண்ணப்பிக்கும்போது புலமைப்பரிசில் புள்ளியை ஒருவரும் கேட்பதில்லை.

வயிற்றுநோ நடிப்பாக இருக்கத் தேவையில்லை. பயத்தில் பிள்ளைகளுக்கு உண்மையாகவே வயிறு நோகும். லீவு நாளில் நோகாமல், பாடசாலை நாளில் மட்டும் காலையில் நொந்து பத்து மணிக்குப் போய்விடுகிறதா என்று ஒரு கிழமை கலண்டரில் குறியுங்கள். காய்ச்சல், சத்தி, இரவிலும் எழுப்பும் நோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றபடி வீட்டில் மறிக்க வேண்டாம். ஒருநாள் மறித்தால் அடுத்தநாள் போவது இரண்டு மடங்கு கஷ்டம். முதல் நாள் நீங்களே கூட்டிக்கொண்டு போய் வகுப்பு வாசல்வரை விடுங்கள். வகுப்பு ரீச்சரிடம் ஒரு வேலை கேட்டு வாங்கிக் கொடுங்கள்: கரும்பலகை துடைப்பது, இடாப்புக் கொண்டுபோவது, எதுவானாலும். தூக்கத்தில் படுக்கை நனைப்பது, சாப்பாடு குறைவது, விளையாடப் போகாமை இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உதவியாளரைப் போய்ப் பாருங்கள். காசு இல்லை.

பனரைப் பற்றி அதிபருக்கு ஒரு சொல்: வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பத்துப் பிள்ளையின் முகத்தை மதிலில் போடும்போது, மற்ற முப்பது பிள்ளைக்கும் அதே வாசலால்தான் உள்ளே வர வேண்டும்.

கேள்வி: ஓ.எல்.லில் (சாதாரண தரத்தில்) கணிதம் டபிள்யூ (சித்தியில்லை). மற்ற எட்டும் பாஸ், நான்கு சி இருக்கு. இனிப் படிச்சது காணும், கராச்சுக்குப் போ என்று அப்பா சொல்கிறார். எனக்குத் திரும்ப எடுக்க விருப்பம். ஆனால் கணிதம் எனக்கு ஏறாது என்று சேரே சொல்லிவிட்டார்.
(மாணவன், மல்லாவி)

பதில்: தம்பி, உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் அடங்க ஆறு பாடச் சித்தி, அதில் மூன்று சி வேண்டும். உங்களிடம் கணிதத்தைத் தவிர எல்லாம் இருக்கிறது. ஒரு பூட்டு, ஒரு திறப்பு.

கணிதத்தில் "ஏறாது" என்று சொல்கிறவர்கள் 100 ஐ நினைத்துச் சொல்கிறார்கள். உங்களுக்குத் தேவை 35. வினாத்தாள் ஒன்று, 2 மணித்தியாலம்: ஏ பகுதியில் 25 சிறுவினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, பீ பகுதியில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 10. வினாத்தாள் இரண்டு, 3 மணித்தியாலம்: 12 வினாவில் 10 செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 10. எல்லாம் சேர்த்து 200, பாதியாக்கினால் 100. ஆக நீங்கள் பொறுக்க வேண்டியது 200 இல் 70. மிளகாய் ஆய்வது மாதிரி நினையுங்கள், பழுத்ததை மட்டும் பிடுங்கினால் போதும்.

எங்கே பழுத்திருக்கிறது? ஏ பகுதியில் 25 இல் 13 சரி என்றால் 26. பீ பகுதியில் பின்னம், சதவீதம், ஆரைச்சிறையின் பரப்பளவு, தரவுகளை வரைபாக்குவது, நிகழ்தகவு போன்றவை வரும். ஒவ்வொரு வினாவின் முதல் இரண்டு கூறும் எப்போதும் சுகமானவை. அவற்றைச் செய்தாலே 15 சேர்ந்துவிடும். இனி இரண்டாம் தாளில் 29 வேண்டும். மீடிறன் பரம்பலில் இடை காண்பது, இருபடிச் சார்பின் வரைபு, கேத்திரகணித அமைப்பு, தொடைகள், கூட்டல் விருத்தி. இந்த ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வருபவை. தேற்றம் நிறுவுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் செலவழிக்கும் ஒரு மாதத்தில் இந்த ஐந்தையும் முடித்துவிடலாம்.

புள்ளி போகும் இடங்களையும் சொல்கிறோம். வரைபு வினாவில் அட்டவணையில் விடுபட்ட பெறுமானத்தை நிரப்பும்போது, மறை எண்ணின் வர்க்கத்தில் பிழைக்கிறார்கள்: −2 இன் வர்க்கம் 4, −4 என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு புள்ளி தாளில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், வளையி ஒழுங்காக வராது, அதை வைத்துக் கேட்கும் அடுத்த மூன்று கூறும் கூடவே போகும். வளையி சமச்சீராக வராவிட்டால் பென்சிலை நிறுத்தி அட்டவணைக்குத் திரும்புங்கள். அமைப்பு வினாவில் கவராயத்தால் போட்ட விற்களை "வடிவாக இருக்கட்டும்" என்று அழிப்பார்கள். புள்ளியே அந்த விற்களுக்குத்தான், அழிக்கக் கூடாது. இடை காணும்போது வகுப்பாயிடையின் நடுப்பெறுமானத்துக்குப் பதில் மேல் எல்லையை எடுத்துப் பெருக்குவார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை வெறும் பக்கம். விடை வராவிட்டாலும் சமன்பாட்டை எழுதி ஒரு படி நகர்த்தினால் படிமுறைப் புள்ளி கிடைக்கும். வெறும் பக்கத்துக்கு எந்தத் திருத்துனராலும் ஒன்றும் போட முடியாது.

நாளுக்கு 45 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். முதல் இரண்டு கிழமை ஏ பகுதி மட்டும், ஒரு நாளுக்கு ஒரு பழைய வினாத்தாளின் 25 வினா. பிழைத்ததைத் தனிக் கொப்பியில் எழுதி அடுத்தநாள் அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு அந்த ஐந்து பாடமும் ஒவ்வொன்றுக்கு ஒரு கிழமை. எட்டாம் கிழமையிலிருந்து சனிக்கிழமைகளில் முழுத்தாள். 70 க்குக் குறி வைத்தால் பரீட்சை மண்டபத்துப் பதற்றத்தில் 60 தான் வரும், ஆகவே வீட்டில் 90 வரும்வரை செய்யுங்கள்.

அப்பா சொல்லும் கராச்சை நாங்கள் குறைத்துச் சொல்லமாட்டோம். சும்மா கராச்சுக்குப் போவதற்கும் தகைமையோடு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான். அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனம், மின், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டத்தில் பயிற்சி இருக்கிறது. 4 ஆம் மட்டம் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். கராச்சில் ஏற்கனவே வேலை பழகியவருக்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் நைற்றா (தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) சோதித்துச் சான்றிதழ் தருகிறது. சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் பாடசாலையிலேயே தொடரக்கூடிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவும் இருக்கிறது. உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். பகலில் கராச், காலையில் 45 நிமிடம் கணிதம் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு மறுப்புச் சொல்கிற அப்பாமார் குறைவு.

கேள்வி: நான் மகனுக்கு அடிப்பதில்லை. கேட்பது மட்டும்தான். 96 இல் கிளிநொச்சியில் உயர்தரம் எடுக்க இருந்தநேரம் ஆடி மாதம் இடம்பெயர்ந்தோம். ஓகஸ்டில் சோதினை. பிறகு எடுக்கவே இல்லை. இவனுக்கு எல்லாம் இருக்கு. வவுனியாவில் நான்கு ரியூசன். தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதம் 28. கேட்டால் கதைக்கிறானில்லை.
(தந்தை, நெடுங்கேணி)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு இழப்பு இருக்கிறது. கிளிநொச்சியை விட்டு வந்த அந்த ஆடி மாதத்தில் ஒரு தலைமுறையின் சோதினை போனது. வீடு, மாடு, தோட்டம் எல்லாம் விட்டுவிட்டு ஓடும்போது கையில் கொண்டுவர முடிந்தது படிப்பு மட்டும்தான் என்று இந்த மண் கண்டிருக்கிறது. 2009 இல் மெனிக் பாம் முகாமில் இருந்துகொண்டு சோதினை எழுதினார்கள். ஆகவே வன்னிப் பெற்றோர் படிப்பை இறுக்கிப் பிடிப்பதைப் பிழை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் உங்கள் சோதினையை அவனால் எழுத முடியாது. "நாங்கள் பங்கருக்குள்ள விளக்கு வச்சுப் படிச்சனாங்கள், உனக்கு எல்லாம் இருக்கு" என்ற பேச்சுக்கு ஒரு பிள்ளையால் சொல்லக்கூடிய பதில் எது? ஒன்றும் இல்லை. அதனால்தான் அவன் கதைக்கவில்லை.

இனி அவனுடைய நாளை எண்ணிப் பாருங்கள். பாடசாலை 6 மணித்தியாலம். ரியூசன் ஒரு நாளுக்கு 4 என்று வைப்போம். நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குப் பஸ், காத்திருப்பு எல்லாம் சேர்த்துப் போக வர 3. குளிப்பு, சாப்பாடு 2. தூக்கம் 7. மொத்தம் 22. மிச்சம் 2, அதுவும் இரவு ஒன்பதுக்குப் பிறகு, கண் எரியும் நேரம். இணைந்த கணிதம் கேட்டு வரும் பாடமில்லை, கையால் செய்து வரும் பாடம். ஒரு தாளில் பகுதி ஏ இல் பத்து, பகுதி பீ இல் ஏழில் ஐந்து. பீ வினா ஒன்றைத் தனியாக இருந்து முழுதாகச் செய்து பழக அரை மணித்தியாலம் வேண்டும். நான்கு வகுப்பில் நான்கு சேர்மார் கரும்பலகையில் செய்வதைப் பார்த்து எழுதுகிறான். அவனே செய்வது எப்போது? 28 க்குக் காரணம் சோம்பலாக இருக்கத் தேவையில்லை, மணிக்கூடாகவும் இருக்கலாம்.

இரண்டு வகுப்பை நிறுத்துங்கள். எந்த இரண்டு என்று அவனையே சொல்ல விடுங்கள். அந்த நேரத்துக்கு அவன் செய்த கணக்குக் கொப்பியைக் கிழமைக்கு ஒருநாள், ஞாயிறு பின்னேரம் இருபது நிமிடம் பாருங்கள். கணிதம் உங்களுக்கு மறந்திருந்தாலும் பரவாயில்லை. எத்தனை வினா தொடங்கினான், எத்தனை முடித்தான், எங்கே நின்றது என்பதை எண்ணத் தெரிந்தால் காணும். மற்ற ஆறு நாளும் படிப்புக் கதை எடுக்காமல் இருங்கள். முதல் கிழமை உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். "எத்தனை மார்க்ஸ்?" என்ற கேள்விக்குப் பதிலாக "எந்த வினா மினக்கெடுத்துது?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல அவனிடம் ஏதாவது இருக்கும்.

96 ஐப் பற்றியும் ஒருநாள் சொல்லுங்கள். அவனைத் திருத்துவதற்காகச் சொல்ல வேண்டாம், நடந்ததை நடந்தபடி. எந்தப் பாடங்கள் எடுத்தீர்கள், எந்தக் கொப்பி தொலைந்தது என்று.

கேள்வி: பெறுபேறு வந்தால் தான் இருக்கமாட்டேன் என்று சிநேகிதி மெசேஜ் போட்டிருக்கிறாள். ஒருவருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிவிட்டாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்கிறார்கள் மற்றவர்கள்.
(மாணவி, கிளிநொச்சி)

பதில்: சத்தியத்தை இன்றே உடையுங்கள். அவளுடைய தாய், அக்கா, ஒரு ரீச்சர், யாராவது ஒரு பெரியவருக்கு, மெசேஜைக் காட்டியே சொல்லுங்கள். உங்களோடு அவள் ஒரு மாதம் கோபித்துக்கொண்டாலும் கோபிக்க அவள் இருப்பாள். விளையாட்டா இல்லையா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையும் இல்லை, மற்றச் சிநேகிதிகளின் வேலையும் இல்லை.

அவளிடம் சுற்றி வளைக்காமல் கேட்கலாம்: "சாக வேணும் மாதிரி யோசினை வருதோ?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை; ஒருவராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். "ஓம்" என்றால் தனியே விடாதீர்கள், பெரியவர் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1929 சிறுவர் உதவி இலக்கமும் இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நேரே கூட்டிக்கொண்டு போகலாம்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு: எங்கள் வீடுகளில் பலவற்றில் வயல் மருந்துப் போத்தல் அடுப்படி மூலையிலோ கட்டிலுக்குக் கீழேயோ இருக்கிறது. பெறுபேறு வருகிற மாதத்தில் அது வீட்டில் இருக்கவே கூடாது. பூட்டுப் போட்ட பெட்டியில், திறப்பு உங்கள் இடுப்பில், முடிந்தால் வேறொருவர் வளவில். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பலருக்கும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும். 90களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், அதிநச்சுக் கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு பெரிய அளவில் இறங்கியது. யாராவது எதையாவது குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காமல், உப்புத்தண்ணீர் கொடுக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: உயர்தர விடைத்தாளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மீள் பரிசீலனைக்குப் போட்டால் பிரயோசனம் உண்டா?
(மாணவன், மடு)

பதில்: மற்ற இரண்டு பாடத்திலும் நல்ல பெறுபேறு வந்து ஒன்று மட்டும் நம்பமுடியாத அளவுக்கு விழுந்திருந்தால், அல்லது எழுதிய பாடத்துக்குத் தோற்றவில்லை என்று காட்டினால் கட்டாயம் போடுங்கள். மூன்றும் ஒரே மட்டத்தில் குறைந்திருந்தால் எங்கள் அபிப்பிராயத்தில் அந்தக் காசுக்குப் பழைய வினாத்தாள் புத்தகம் வாங்கலாம். இறுதித் திகதியைப் பரீட்சைத் திணைக்களம் பெறுபேற்றோடு அறிவிக்கும், காலம் குறுகியது. அதன் முடிவு வரும்வரை பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பிற்போட வேண்டாம், இருக்கிற இசட்டுக்கே போடுங்கள். கொமினிகேசன் கடையில் கொடுத்து நிரப்புவிப்பதானால், அனுப்பும் பொத்தானை அழுத்த முதல் சுட்டெண்ணையும் அடையாள அட்டை இலக்கத்தையும் திரையில் நீங்களே விரல் வைத்து ஒருதரம் வாசியுங்கள்.